தாம் யார்க்கின் ‘தி இரேசர்’ ஆல்பமும் விமர்சகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோஹெட் கேட்கிற நண்பர்கள் யாரைச் சந்தித்தாலும் பேச்சு எப்படியோ இந்த ஆல்பத்தில் வந்து நிற்கும். கேட்கிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எனக்கு இந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாருங்க இந்த தாம் யார்க்? எந்த ஆல்பத்தைப் பத்திப் பேசறோம்?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலிருந்து வந்த ரேடியோஹெட் என்ற ஐந்து பேர் கொண்ட ராக் இசைக்குழுவின் பாடகர். 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’, 2000இல் வந்த ‘கிட் ஏ’ என்ற இரண்டு ஆல்பங்களும் அந்தக் குழுவை விமர்சகர்களின் செல்லப்பிள்ளையாக ஆக்கியிருந்தன. 2003இல் ‘ஹெய்ல் டு தி தீஃப்’ வந்தது. அதற்கான சுற்றுப்பயணம் 2004இல் முடிந்ததும் குழு ஓய்வெடுத்தது. அந்த இடைவெளியில் யார்க் தன் லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்த தாளத் துண்டுகளையும் ஒலிகளையும் எடுத்துக்கொண்டு, ரேடியோஹெட்டின் வழக்கமான தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுடன் உட்கார்ந்து செய்ததுதான் ‘தி இரேசர்’.

2006 ஜூலை 10ஆம் தேதி பிரிட்டனில் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் வெளியிட்டது. ஒன்பது பாடல்கள், சுமார் 41 நிமிடம். அவர் தன் பெயரில் போட்ட முதல் ஆல்பம்.

வந்தப்போ நல்லா சொன்னாங்களா, திட்டினாங்களா?

மொத்தத்தில் நன்றாகத்தான் சொன்னார்கள். பல பத்திரிகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுக்கிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் இது நூறுக்கு எழுபதுகளில் நிற்கிறது. ஒரு பாடகரின் முதல் தனி ஆல்பத்துக்கு அது நல்ல எண்.

ஆனால் பாராட்டிய விமர்சனங்களில்கூட ஒரு தயக்கம் இருந்தது, எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதுதான். “நன்றாக இருக்கிறது, ஆனாலும்…” என்ற தொனி. அந்த ‘ஆனாலும்’ எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்குப் பதில்.

பிட்ச்ஃபோர்க் 6.6 போட்டுச்சாமே, அப்போ ஃபெயில் தானே?

ஃபெயில் இல்லை. பிட்ச்ஃபோர்க் என்பது பத்துக்கு மதிப்பெண் போடுகிற அமெரிக்க இசை விமர்சனத் தளம். 6.6 என்றால் கேட்கலாம், ஆனால் ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை என்கிற மாதிரி. இருந்தாலும் அந்த எண் அப்போது உறுத்தியது உண்மை. அமெரிக்காவில் இண்டி ராக் (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக்) கேட்கிறவர்கள் மத்தியில் 2006இல் பிட்ச்ஃபோர்க்கின் தசம மதிப்பெண்ணுக்கு இருந்த எடையை இன்றைக்கு விளக்கினால் நம்ப மாட்டீர்கள். அதே தளம்தான் ‘கிட் ஏ’வுக்கு முழுசாக 10 கொடுத்தது, ரேடியோஹெட்டின் அடுத்த ஆல்பமான ‘அம்னீசியாக்’குக்கு 9.0, ‘ஹெய்ல் டு தி தீஃப்’புக்கு 9.3. அந்த வரிசையில் அடுத்த எண்ணாக 6.6 வந்து நின்றால் என்ன தோன்றும்? வீட்டில் எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை எட்டாவது வந்தால் ஊரே விசாரிக்குமே, அது மாதிரி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புதிதாக வந்த, பெயர் தெரியாத ஒருவர் இதே ஒன்பது பாடல்களைப் போட்டிருந்தால் இதே 6.6 விழுந்திருக்குமா? விழுந்திருக்காது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த விமர்சனங்களை வரிசையாகப் படிக்கும்போது முக்கால்வாசி இடத்தில் ரேடியோஹெட் என்ற அளவுகோலைத்தான் பார்க்கிறேன்.

பாராட்டினவங்க எதைத்தான் பாராட்டினாங்க?

குரலை. கிட்டத்தட்ட எல்லோரும். ‘கிட் ஏ’ காலத்தில் யார்க் தன் குரலையே ஒரு கருவியாக வைத்து அறுத்து, வளைத்து, இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தார். சில பாடல்களில் மனிதர் பாடுகிறாரா என்றே சந்தேகம் வரும். ‘தி இரேசர்’ அதற்கு நேர்மாறு. சுற்றிலும் இயந்திரத் தாளம், நடுவில் எதிரொலி பூசாத, காய்ந்த, பச்சைக் குரல், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. காட்ரிச் வேண்டுமென்றே குரலை முன்னால் இழுத்து வைத்திருக்கிறார். மூச்சு வாங்குவது, சொல்லின் கடைசியில் குரல் உடைவது, எல்லாமே கேட்கும்.

அப்புறம் இவை உண்மையிலேயே பாடல்கள் என்பதையும் பலர் குறிப்பிட்டார்கள். லேப்டாப் ஆல்பம் என்றதும் மெட்டு இல்லாமல் பீட்டும் இரைச்சலுமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முணுமுணுக்கக்கூடிய மெட்டுகள் கிடைத்தன. ஆல்பத்தை அறிவித்தபோதே யார்க் இதைச் சொல்லியிருந்தார்: பீட்டும் எலக்ட்ரானிக்ஸும் அதிகம்தான், ஆனால் இவை பாடல்கள் என்று. ‘அனலைஸ்’ஸையோ ‘ஆட்டம்ஸ் ஃபார் பீஸ்’ஸையோ வெறும் பியானோவில் வாசித்தாலும் நிற்கும். மெட்டின் வலுவுக்கு எனக்குத் தெரிந்த எளிய சோதனை அதுதான்.

சரி, குறை சொன்னவங்க என்ன சொன்னாங்க?

மூன்று விதமான குறைகள். முதலாவது, ஒரே மாதிரி இருக்கிறது என்பது. தாளம் ஆரம்பத்தில் ஒரு வளையமாகச் சுழலத் தொடங்கும், அதன் மேல் அடுக்குகள் ஏறும், ஆனால் பாட்டு எங்கேயும் போய் வெடிக்காது. ரேடியோஹெட் பாடல்களில் வருகிற அந்தப் பெரிய திருப்பத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அழகாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. இதில் நியாயம் இருக்கிறது. ‘ஸ்கிப் டிவைடட்’ எனக்கும் இன்றுவரை பாதியில் நீளமாகத் தெரிகிற பாட்டுதான்.

இரண்டாவது, எலக்ட்ரானிக் இசை என்ற அளவில் புதுமை இல்லை என்பது. யார்க்குக்குப் பிடித்த எலக்ட்ரானிக் கலைஞர்கள் பல வருடம் முன்பே இதைவிடச் சிக்கலாகச் செய்துவிட்டார்கள், ‘கிட் ஏ’ வந்தே ஆறு வருடம் ஆகிவிட்டது, இனி இதில் அதிர்ச்சி இல்லை என்றார்கள். இதுவும் உண்மை. ஆனால் இந்த ஆல்பம் அதிர்ச்சி கொடுக்க முயலவே இல்லையே. முயலாத விஷயத்தில் தோற்றதாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது குறை பெரியது, அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

இது ரேடியோஹெட் மாதிரியேதான் இருக்கு, அப்புறம் எதுக்குத் தனி ஆல்பம்?

இதுதான் அந்த மூன்றாவது குறை. மற்ற நால்வரும் இல்லாத ரேடியோஹெட், பாதி வெந்த டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்), அந்த நால்வர் கையில் போயிருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்த நால்வரும் ஆல்பத்தில் இல்லை என்று சொல்வதே முழு உண்மை இல்லை. முதல் பாட்டான ‘தி இரேசர்’இல் வெட்டி வெட்டி வருகிற பியானோ கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அந்த நால்வரில் ஒருவரான ஜானி கிரீன்வுட் வாசித்தவை. யார்க் அதைப் பதிவு செய்து வைத்துத் துண்டுபோட்டுப் பாட்டாக்கினார். ‘பிளாக் ஸ்வான்’ பாட்டின் தாளம், அதே நால்வரில் இன்னும் இருவரான எட் ஓ’பிரையனும் ஃபில் செல்வேயும் 2000இல் வாசித்த ஒரு பதிவிலிருந்து எடுத்தது. ‘அண்ட் இட் ரெயின்டு ஆல் நைட்’டில் ‘ஹெய்ல் டு தி தீஃப்’ ஆல்பத்தின் ‘தி குளோமிங்’ பாட்டின் துண்டு இருக்கிறது. அதாவது குழு இருக்கிறது, நினைவு மாதிரி, அழிக்கப்பட்டு மிச்சமிருக்கிற தடம் மாதிரி இருக்கிறது. ஆல்பத்தின் பெயரே ‘அழிப்பான்’. இதை முன்வைத்து எழுதிய விமர்சனம் ஒன்றாவது கண்ணில் படாதா என்று ரொம்ப நாள் தேடியிருக்கிறேன்.

எதற்குத் தனி ஆல்பம் என்றால், ஐந்து பேர் சேர்ந்து எடுக்கிற முடிவுகளில் இந்த அளவு வெறுமை தாக்குப்பிடிக்காது. யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு கிட்டாரை நிரப்பிவிடுவார். இங்கே நிரப்ப ஆள் இல்லை. அந்தக் காலியிடம்தான் இந்த ஆல்பத்தின் ஒலி.

“சோலோன்னு சொல்லாதீங்க”ன்னு அவரே சொன்னாராமே, ஏன்?

ஆமாம், 2006 மே மாதம் ஆல்பத்தை அறிவிக்கும்போது அந்தச் சொல்லைக் கேட்க விரும்பவில்லை, சரியாகப் படவில்லை என்று எழுதினார். குழு ஓய்வில் இருந்தபோது மற்றவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் சம்மதத்தோடு செய்ததாகவும் சொன்னார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ராக் உலகத்தில் பாடகர் தனி ஆல்பம் போட்டால் குழு உடைகிறது என்றுதான் முதலில் வதந்தி கிளம்பும். தயாரிப்பில் காட்ரிச்சின் கை எவ்வளவு என்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

பத்திரிகைகள் கேட்கவில்லை. தலைப்பில் எல்லாம் ‘சோலோ’தான்.

இவரைப் போய் இண்டின்னு சொல்றது சரியா? பெரிய கம்பெனில இருந்தவர் தானே?

நியாயமான கேள்வி. ரேடியோஹெட்டின் முதல் ஆறு ஆல்பங்களும் இஎம்ஐ நிறுவனத்தின் பார்லஃபோன் லேபிளில் வந்தவை. அந்த ஒப்பந்தம் ‘ஹெய்ல் டு தி தீஃப்’போடு முடிந்தது. ‘தி இரேசர்’ வந்த எக்ஸ்எல் ஒரு சுயாதீன லேபிள். ஆக லேபிளை வைத்துப் பார்த்தால் இதுதான் யார்க்கின் முதல் இண்டி ஆல்பம். அடுத்த வருடம் ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’ முதலில் இணையத்தில் வந்து, பிறகு சிடியாக வந்தபோது பிரிட்டனில் அதை வெளியிட்டதும் எக்ஸ்எல்தான். ‘தி இரேசர்’ இந்த மாற்றத்துக்கு ஒரு முன்னோட்டமாக ஆகிவிட்டது. விமர்சனங்கள் எழுதப்பட்ட வாரத்தில் இது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

எல்லா விமர்சனத்துலயும் ‘ஹாரோடவுன் ஹில்’ பாட்டு வருதே, அதுல அப்படி என்ன?

ஹாரோடவுன் ஹில் என்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு குன்று. 2003 ஜூலையில் டேவிட் கெல்லி என்பவரின் உடல் அங்கேதான் கிடைத்தது. அவர் பிரிட்டிஷ் அரசின் ஆயுத நிபுணர், இராக்கில் ஐ.நா. ஆய்வாளராகப் பணியாற்றியவர். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பிரதமர் டோனி பிளேரின் அரசு வெளியிட்ட அறிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பிபிசி ஒரு செய்தி வெளியிட்டது. அந்தச் செய்திக்குத் தகவல் தந்தவர் என்று கெல்லியின் பெயர் வெளியே வந்தது, நாடாளுமன்றக் குழு முன்னால் அழைத்துக் கேள்வி கேட்டார்கள், சில நாளில் இறந்துபோனார். அரசு அமைத்த ஹட்டன் விசாரணை 2004 ஜனவரியில் அதைத் தற்கொலை என்று முடிவு செய்தது. ஆனாலும் அந்த மனிதரை அதுவரை தள்ளிக்கொண்டு போனது யார் என்ற கோபம் பிரிட்டனில் அடங்கவில்லை.

யார்க் அந்தப் பகுதிக்காரர். தான் எழுதியதிலேயே மிகவும் கோபமான பாட்டு இது என்று பேட்டியில் சொன்னார், கெல்லியின் குடும்பத்தை நினைத்துத் தனக்குச் சங்கடம் இருப்பதாகவும் சொன்னார். பாட்டில் கெல்லியின் பெயர் வராது. இறந்தவரே பேசுவது போல ஆரம்பித்து, நடுவில் காதல் பாட்டு மாதிரி குழைந்து, மறுபடி பயத்துக்குத் திரும்பும். பேஸ் கிட்டாரின் அந்தத் துடிப்பான வரிதான் பாட்டை நடத்துகிறது, கத்தல் எங்கேயும் இல்லை. கோபத்தை இவ்வளவு தாழ்ந்த குரலில் வைத்திருப்பதால்தான் இது இன்னும் வலிக்கிறது.

ஆல்பத்தைப் பிடிக்காதவர்கள்கூட இந்தப் பாட்டுக்கு மட்டும் தலைவணங்கினார்கள். ஆகஸ்ட்டில் தனிப் பாட்டாகவும் வந்தது. ஒரு சின்ன விஷயம்: ‘ஹெய்ல் டு தி தீஃப்’ காலத்திலேயே இதன் ஆரம்ப வடிவம் இருந்ததாகவும், குழுவோடு அது சரியாக வந்திருக்காது என்றும் யார்க் சொல்லியிருக்கிறார். எதற்குத் தனி ஆல்பம் என்று மேலே வந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அட்டைப்படத்துல வெள்ளம் வர்ற மாதிரி இருக்கே?

ஸ்டான்லி டான்வுட் செய்தது, ரேடியோஹெட்டின் அட்டைகளுக்கும் அவர்தான். லண்டன் நகரம் வெள்ளத்தில் அடித்துப் போகிறது, கோட்டுப் போட்ட ஒருவர் கையை நீட்டி அலையை நிற்கச் சொல்கிறார். கடல் அலைக்குக் கட்டளையிட்ட கனூட் அரசனின் பழைய கதை அது. 2004 ஆகஸ்ட்டில் கார்ன்வாலில் பாஸ்காஸில் கிராமத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தின் பாதிப்பு அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் செதுக்கிய அச்சு, சிடி உறையைப் பிரித்தால் நீளமாக விரியும். கையில் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள்.

விமர்சகர்கள் தயங்கினா சேல்ஸும் விருதும்கூட போயிருக்குமே?

போகவில்லை. பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்டு 200இல் 2ஆம் இடம். இவ்வளவு உள்ளொடுங்கிய ஒரு ஆல்பத்துக்கு இது பெரிய விஷயம், ரேடியோஹெட் பெயரின் வலு அதில் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தருகிற மெர்குரி பரிசுக்கு 2006இல் பரிந்துரைக்கப்பட்டது, ஆர்க்டிக் மங்கீஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக வென்றார்கள். அடுத்து கிராமியில் சிறந்த ஆல்டர்னேட்டிவ் ஆல்பம் பிரிவில் பரிந்துரை, அங்கே நார்ல்ஸ் பார்க்லி வென்றார்கள். இரண்டு இடத்திலும் பட்டியலில் இருந்தது, இரண்டு இடத்திலும் கையில் வரவில்லை.

வேற வருஷத்துல வந்திருந்தா விமர்சனம் மாறியிருக்குமா?

மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். 2006 மே மாதத்திலிருந்து ரேடியோஹெட் மறுபடி சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். பின்னால் ‘இன் ரெயின்போஸ்’ஸில் வரப்போகிற பாடல்களை மேடையில் முதல் முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் 17ஆம் தேதி அமெரிக்காவின் பொனரூ விழாவில் அவர்கள் வாசித்த நீண்ட கச்சேரியை இன்றும் ரசிகர்கள் பேசுவார்கள். ஆக ஜூலையில் ‘தி இரேசர்’ விமர்சனம் எழுத உட்கார்ந்தவர் காதில் ஐந்து பேர் கொண்ட குழு முழு வேகத்தில் வாசித்த புதுப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த நேரத்தில் கையில் வந்த லேப்டாப் ஆல்பம் எடுபிடி மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. ‘இல்லாத நால்வர்’ குறை அவ்வளவு அழுத்தமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம், யாரும் இப்படி ஒத்துக்கொண்டு எழுதியதில்லை.

மேடையில வாசிச்சப்புறம் ஆல்பத்தோட மதிப்பு ஏறுச்சுன்னு சொல்றாங்களே?

அதுவும் நடந்தது. 2009 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் யார்க் ஒரு புதுக் குழுவோடு மேடையேறினார். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ஃப்ளீ பேஸ், ஜோயி வாரன்கர் டிரம்ஸ், பிரேசில்காரரான மவுரோ ரெஃபாஸ்கோ தாள வாத்தியங்கள், கூடவே காட்ரிச். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். லேப்டாப்பில் சுழன்ற தாளங்கள் மனிதக் கையால் அடிக்கப்பட்டபோது அவை எவ்வளவு ஆடத் தகுந்தவை என்பது திடீரென்று தெரிந்தது. ‘தி கிளாக்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள், ஆல்பத்தில் பதற்றம், மேடையில் கொண்டாட்டம். அந்தக் குழுவே பிறகு ஆல்பத்தின் ஆறாவது பாட்டின் பெயரை எடுத்துக்கொண்டு ‘ஆட்டம்ஸ் ஃபார் பீஸ்’ ஆனது, 2013இல் ‘அமோக்’ என்ற ஆல்பம் போட்டது.

“பாட்டு வெடிக்கவே இல்லை” என்ற குறைக்கு இந்தக் கச்சேரிகள்தான் பதில் என்பார்கள் சிலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆல்பம் வெடிக்காமல் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. மேடை வடிவம் நல்லது என்பதால் ஆல்பம் குறையாகிவிடாது.

ஸ்பாடிஃபைல ஒரு காலத்துல இல்லையே, விமர்சகர்கள் மேல கோபமா?

இல்லை, விமர்சனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2013 ஜூலையில் யார்க்கும் காட்ரிச்சும் இதையும் ‘அமோக்’கையும் ஸ்பாடிஃபையிலிருந்து எடுத்தார்கள், புதுக் கலைஞர்களுக்குப் போதுமான பணம் போவதில்லை என்பதால். 2017 டிசம்பரில் திரும்ப வந்துவிட்டது. இடையில் நாலு வருடம் புதிதாகக் கேட்க வந்தவர்கள் பலர் இதைத் தவறவிட்டிருப்பார்கள், அது எனக்கு வருத்தம்தான்.

கடைசியா நீங்க சொல்லுங்க, விமர்சகர்கள் தப்பா சொல்லிட்டாங்களா?

கேட்டது தப்பில்லை, அளந்தது தப்பு. தாளங்கள் ஒரே இடத்தில் சுழல்கின்றன என்பது சரி. புதுமை குறைவு என்பதும் சரி. ஆனால் ரேடியோஹெட் ஆல்பத்தில் என்ன கிடைக்குமோ அது இதில் எவ்வளவு குறைகிறது என்று எண்ணிக்கொண்டே கேட்டதில், இதில் மட்டுமே கிடைப்பது பலருக்குக் கைநழுவியது. குரலைப் பாராட்டினார்கள், சரி. ஆனால் அந்தக் குரல் ஏன் அவ்வளவு தனியாக நிற்கிறது, வெள்ளம் பற்றியும் போர் பற்றியும் பயந்துகொண்டிருக்கிற ஒரு மனிதர் இரவில் வீட்டில் தனக்குள் பேசிக்கொள்கிற அளவில் ஏன் இதைச் செய்தார் என்ற இடத்துக்கு வந்தவர்கள் குறைவு.

ரேடியோஹெட்டே கேட்டதில்ல, இதுல இருந்து ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் உங்களுக்குத்தான் வசதி, ஒப்பிட எதுவும் இல்லை. ஹெட்போனில், ராத்திரியில், ‘ஹாரோடவுன் ஹில்’லில் ஆரம்பியுங்கள். பிடித்தால் முதல் பாட்டுக்குப் போய் வரிசையாகக் கேளுங்கள். ‘சிம்பல் ரஷ்’ கடைசிப் பாட்டு, அதன் முடிவில் சத்தம் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அதுவரை பொறுமையாக இருங்கள்.